திங்கள் முதல் வெள்ளி வரை

தரை துடைக்கும் மருந்தின் மணமும் பழுப்பு நிலக்கரிப் புகையின் மணமும் எங்காவது ஒன்றாகக் கலந்து வந்தால், என் ஆறாவது வயது கண்முன் வந்து நிற்கும். மருந்து மூக்கின் நுனியில் சுள்ளென்று ஏறும். புகை தொண்டையில் போய்த் தங்கி, துருப்பிடித்த இரும்பை நக்கியது போன்ற ஒரு சுவையை விட்டுப்போகும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், புகையிரத நிலையம், தபாற்கந்தோர் என்று எந்தக் கதவைத் திறந்தாலும் அந்த மருந்துதான் முதலில் எதிர்ப்படும்; எந்தச் சன்னலைத் திறந்தாலும் அந்தப் புகைதான் உள்ளே நுழையும். கிழக்கு ஜெர்மனி என்று உலகம் அழைத்த அந்தப் பொதுவுடைமை நாடு இன்று எந்த வரைபடத்திலும் இல்லை. அங்கே நான் ஓர் இலையுதிர்காலம் முழுவதையும் கழித்தேன். இருப்பதற்காக நாங்கள் அங்கே போகவில்லை, கடந்துபோவதற்காகத்தான் போனோம்; அதனாலோ என்னவோ, அந்த நாட்களை நினைக்கும்போதெல்லாம் என்னால் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க முடிவதில்லை.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்குக்கு வந்து சேர்ந்த பலருக்கு அந்த வழி தெரியும். கொழும்பிலிருந்து மாஸ்கோ, மாஸ்கோவிலிருந்து கிழக்கு பெர்லின், அங்கிருந்து ரயிலில் வடக்கே வார்னமுண்ட என்ற துறைமுகம், பிறகு கப்பலேறி டென்மார்க்கின் கெட்சர் கரை. என் அப்பா எங்களுக்கு முன்னரே அந்த வழியால் வந்து, டென்மார்க்கின் யூலாந்துப் பகுதியில் ஓர் அகதி முகாமில் தன்னுடைய வழக்கின் முடிவுக்காகக் காத்திருந்தார். முடிவு கிடைத்ததும் எங்களை முறையாகக் கூப்பிடுவதாக ஏற்பாடு. ஆனால் அவர் புறப்பட்ட பிறகுதான் அம்மாவுக்குத் தான் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது. அதற்குள் எங்கள் கடற்கரைக் கிராமத்தில் ஷெல் குண்டு விழத் தொடங்கியிருந்தது. டென்மார்க் கதவைச் சாத்தப் போகிறது என்றும் ஊரில் பேச்சடிபட்டது. அம்மா காத்திருக்கவில்லை. வயிற்றுப் பிள்ளையோடும் என்னோடும், வழித்துணைக்கு ஊர்ப் பொடியன்கள் மூன்று பேரோடும் வெளிக்கிட்டுவிட்டார்.

வார்னமுண்ட நிலையத்தில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது அம்மா நீள வாங்கில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். அவருடைய சேலையில் இரத்தம் ஊறியிருந்ததை நான் பார்த்தேன். சீருடைக்காரர் ஒருவர் ஓடி வந்தார். பிறகு ஆஸ்பத்திரி வண்டி வந்தது. அந்த மூன்று பொடியன்களுக்கும் அன்றைய கப்பலை விட்டால் வேறு வழியில்லை. அவர்களில் மூத்தவர், “பிள்ளை, அப்பாட்டை நாங்கள் சொல்லுறம், பயப்பிடாதை” என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதும், வண்டியின் பின்கதவு மூடப்பட்டதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தம்பி அன்றே பிறந்தான். ஒரு கையில் அடங்கிவிடக்கூடிய உடம்பு. அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அம்மா கடும் காய்ச்சலில், யாரையும் அடையாளம் தெரியாமல் பல நாட்கள் கிடந்தார். பக்கத்து ரொஸ்டொக் நகரத்தின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைக் கேள்வி கேட்க எல்லாருக்கும் ஆசை, பதில் சொல்லத்தான் ஆளில்லை. கடைசியில் எங்கிருந்தோ ஒரு தமிழரைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அவர் பெயர் சிவபாதம். ஊரில் இடதுசாரிக் கட்சி ஒன்றின் உதவியால் புலமைப்பரிசில் பெற்று, அங்கே கப்பல் கட்டும் படிப்புப் படித்துக்கொண்டிருந்தவர். மெலிந்த, உயரமான, தலைமயிர் எப்போதும் கலைந்திருக்கிற மனிதர். என் முன்னால் குந்தியிருந்து, “குஞ்சு, அம்மாக்குச் சுகம் வரும். அதுவரைக்கும் உம்மை ஒரு நல்ல இடத்தில விடப்போகினம். அங்க கனக்கப் பிள்ளையள் இருக்கினம்” என்றார். பல நாட்களாகத் தமிழ்க் குரல் கேட்காத எனக்கு அவர் சொன்ன செய்தியைவிட “குஞ்சு” என்ற சொல்தான் பெரிதாக இருந்தது.

அந்த இடம் ஒரு வாரக் காப்பகம். தொழிற்சாலையில் மாறி மாறி வேலை பார்க்கிற தாய்மார், திங்கள் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டு, வெள்ளி பின்னேரம்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். இடையில் வீடு கிடையாது. உணவு, உடுப்பு, குளிப்பு, மருந்து, நித்திரை எல்லாம் அங்கேயே. அரசாங்கமே நடத்துகிற வீடு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்களை எல்லாரும் “தாந்தே” என்றுதான் அழைப்போம். அத்தை, மாமி என்பது போன்ற சொல். எங்கள் அறைக்குப் பொறுப்பானவர் தாந்தே மார்கிட். முப்பது வயது இருக்கலாம். தடித்த கண்ணாடி, சிவந்த கைகள், பேசும்போது ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிற வாய். என் பெயர் றெஜினா என்று கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோசம். “ரெகீனா!” என்று கைதட்டினார். அது அவர்கள் ஊரிலும் உள்ள பெயராம். அன்று முதல் வாரநாட்களில் நான் ரெகீனா, அம்மாவிடம் போனால் றெஜினா.

காலையில் ஒரு மணி அடிக்கும், எல்லாரும் எழும்புவோம். முகம் துடைக்கிற ஒரே நிறத் துவாய்கள் வரிசையாகத் தொங்கும். எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம். எனக்குக் கிடைத்தது குடை. என் பற்தூரிகைக் கோப்பையிலும் குடை, கட்டிலிலும் குடை, சப்பாத்து வைக்கிற தட்டிலும் குடை. சின்னஞ்சிறு பிள்ளைகள் நீளமான ஒரு மரவாங்கில் மலம் கழிக்கிற சட்டிகளின் மேல் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கடைசிப் பிள்ளை முடிக்கும்வரை ஒருவரும் எழும்பக்கூடாது. பிறகு ரவைக்கஞ்சி, சூடான பால், பாட்டு, தோட்டத்தில் விளையாட்டு, உருளைக்கிழங்கும் முட்டைக்கோவாவும், மத்தியான நித்திரை. நித்திரை வராவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்க வேண்டும். ஊரில் பதுங்குகுழிக்குள் ஓடி ஓடி இருந்த எனக்கு, எது எப்போது நடக்கும் என்று முன்கூட்டியே தெரிகிற ஒரு நாள் எவ்வளவு பெரிய வரம் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. பசிக்கு முன்னரே சாப்பாடு வந்தது. எனக்கு ஒரு பல் ஆடினபோது பல் வைத்தியர் காப்பகத்துக்கே வந்தார். குளிர் தொடங்கியதும் யாரும் கேட்காமலே என் குடைப் படத்தின் கீழ் ஒரு தடித்த நீலக் கோட்டு தொங்கியது.

ஆனால் திங்கட்கிழமைகளை நான் வெறுத்தேன். கதவோரத்தில் பிள்ளைகள் தாய்மாரின் கால்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்துவார்கள். தாய்மார் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் டிராம் வண்டியைப் பிடிக்க ஓடுவார்கள். சிலர் மதிலுக்கு அப்பால் நின்று அழுதுவிட்டுப் போவதைச் சன்னலால் கண்டிருக்கிறேன். என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஊவே என்ற மூன்று வயதுப் பையன் படுத்திருந்தான். விளக்கு அணைந்ததும் அவன் தன் தலையை இடமும் வலமுமாகத் தலையணையில் உருட்டத் தொடங்குவான். உருட்டி உருட்டித்தான் தூங்குவான். அவனுடைய பின்மண்டையில் மயிர் தேய்ந்து வழுக்கையாகிவிட்டிருந்தது. அதை ஒரு விளையாட்டு என்று நினைத்து நானும் செய்து பார்த்தேன். தலை சுற்றியதுதான் மிச்சம். இப்போது டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவளாக, ஒரு பிள்ளை ஏன் அப்படிச் செய்கிறது என்பது எனக்குத் தெரியும்.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி நான் எங்கே என்பது. இரண்டாவது கேள்வி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பிள்ளை எதைக் குடித்து உயிரோடு இருக்கிறது என்பது. சிவபாதம் அண்ணை பிள்ளையைப் பார்க்கிற பெண் டொக்டரிடம் கேட்டு வந்து சொன்னார். “தாய்ப்பால்தான் அக்கா.”

“நான் குடுக்கேல்லையே. ஆரின்ர பால்?”

அவருக்கும் முழுமையாக விளங்கவில்லை. மறுபடி போய்க் கேட்டார். அந்த நகரத்தில் தாய்ப்பால் சேர்க்கிற நிலையம் ஒன்று இருந்தது. பால் மிஞ்சிய தாய்மாரிடமிருந்து ஒவ்வொரு நாளும் போத்தல்களில் வாங்கி, காய்ச்சி, பால் தேவையான பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். யாருடைய பால் யாருக்குப் போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

எங்களுடைய ஊரில், ஒரே மாதா கோயிலில் ஒரே பூசை காண்கிறவர்கள்கூட எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளி போட முடியாது. அந்தக் கட்டுப்பாட்டை உருவாக்கியவர் அம்மா இல்லை, ஆனால் மீறியதுமில்லை. அன்று என்ன நினைத்தாரோ தெரியாது. சிவபாதம் அண்ணையைப் பார்த்து, “தம்பி, என்ர பிள்ளையின்ர உடம்பில இப்ப எத்தினை சாதி ஓடுது தெரியுமோ?” என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். தையல் போட்ட வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். தாதி ஓடி வந்து என்ன நடந்தது என்று கேட்டாள். சிவபாதம் அண்ணைக்கு அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியவில்லை.

உடம்பு தேறியதும் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வளவிலேயே தாய்மார் தங்குகிற விடுதியில் ஒரு கட்டில் கொடுத்தார்கள்; வெள்ளி பின்னேரங்களில் நானும் அங்கே போய்விடுவேன். தம்பி குடித்தது போக மிஞ்சிய பாலை அம்மாவும் அந்த நிலையத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார். காலையில் வெள்ளைச் சட்டைக்காரப் பெண் ஒருத்தி போத்தலை எடுத்துக்கொண்டு போகும்போது அம்மா கதவடி வரைக்கும் கூடவே போவார். “இஞ்ச எங்கயோ ஒரு வெள்ளைப் பிள்ளை என்ர பாலைக் குடிச்சு வளருது” என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பிறகு எங்கும் நான் கண்டதில்லை. தலையணைக்குக் கீழே அம்மா செபமாலை வைத்திருந்தார். பெரிய டொக்டர்மார் சுற்றிப் பார்க்க வருகிற நேரத்தில் ஒரு தாதி வந்து, ஒன்றும் பேசாமல் தலையணையைச் சற்று இழுத்து, வெளியே தெரிந்த சிலுவையை மறைத்துவிட்டுப் போவாள். அம்மா அதையும் கவனித்து வைத்திருந்தார்.

சிவபாதம் அண்ணை அந்த நாட்டை மனதார நம்பியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், அப்பிள் கொண்டுவருவார், அம்மாவின் கட்டிலருகே இருந்து திரும்பத் திரும்ப ஒரே விசயத்தைத்தான் கதைப்பார். “அக்கா, இஞ்சயே நிண்டா என்ன? பிள்ளைக்கு வைத்தியம் சும்மா. பள்ளிக்கூடம் சும்மா. வேலை இல்லாத ஒரு ஆளை நீங்கள் இஞ்ச காணேலாது. டென்மார்க்கில அண்ணை முகாமில கிடந்து என்ன சுகத்தைக் கண்டார்? நான் தெரிஞ்ச ஆக்களோட கதைச்சு, அவரையும் இஞ்ச கூப்பிடப் பாக்கிறன்.”

அம்மா அவருடைய முகத்தைப் பார்க்காமல் தம்பியின் போர்வையைச் சரிசெய்தபடி சொன்னார். “நீர் சொல்லுறதில ஒரு பிழையும் இல்லைத் தம்பி. என்ர பெத்த தாயும் இப்பிடிப் பாத்திருக்க மாட்டா. ஆனா எனக்கு ஒரு கதவு வேணும். நான் பூட்டவும் வேணும், நான் திறக்கவும் வேணும்.”

அது அன்றைக்குச் சிவபாதம் அண்ணைக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அம்மாவுக்குத்தான் கால் நிலத்தில் பாவவில்லை. விடுதியின் நீண்ட நடைக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்ட தம்பியைத் தோளில் போட்டபடி அங்கும் இங்குமாக நடந்துகொண்டே இருப்பார். துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஊதினால் நின்றுவிடுவார். கடவுச்சீட்டில் குத்தியிருந்த அனுமதி எப்போதோ முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிதான் சொல்லிச் சொல்லி நீட்டித்துக்கொண்டிருந்தது. அப்பாவிடமிருந்து ஒரேயொரு தடவை தொலைபேசி அழைப்பு வந்தது. இரைச்சலுக்கு நடுவில் “எப்ப வாறியள், எப்ப வாறியள்” என்பது மட்டும்தான் கேட்டதாம்.

ஒரு வெள்ளிக்கிழமை, அம்மாவின் விடுதியில் ஏதோ தொற்றுக்காய்ச்சல் என்று பிள்ளைகளை உள்ளே விடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். நான் மட்டும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். தாந்தே மார்கிட் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒன்றுபோல் ஒன்றாக வரிசையாக நிற்கிற அடுக்குமாடிகளில் ஒன்று. அவர் தனியாகத்தான் இருந்தார். முட்டை பொரித்துத் தந்தார். என் தலைமயிரை இரண்டாகப் பின்னிவிட்டார். மறுநாள் டிராமிலும் ரயிலிலுமாக வார்னமுண்டக் கடற்கரைக்குப் போனோம். காற்று ஆளைத் தள்ளியது. தூரத்தில் கப்பல் ஒன்று வடக்கே போய்க்கொண்டிருந்தது. “அங்கேதான் உன் அப்பா இருக்கிறார்” என்று கையை நீட்டிக் காட்டினார். அதற்குள் நான் அவர்களுடைய மொழியை ஓரளவு பேசக் கற்றுக்கொண்டிருந்தேன். “நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?” என்று கேட்டேன். “இல்லை” என்றார். “ஏன்?” என்றேன். பக்கத்தில் நாயோடு நின்ற ஒரு கிழவரைப் பார்த்துவிட்டு, “குளிருகிறது, வா போவோம்” என்றார். ஆனால் போகவில்லை. கப்பல் மறையும்வரை அங்கேயே நின்றோம். கோட்டுப் பைக்குள் என்னுடைய கையை அவர் இறுக்கிப் பிடித்திருந்தது வலித்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு திங்கட்கிழமை தாந்தே மார்கிட் வரவில்லை. வேறொருவர் வந்து எங்களுக்குக் கஞ்சி ஊற்றினார். மார்கிட் எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். “அவர் இனி இங்கே வேலை செய்யவில்லை. வாயைத் துடைத்துக்கொள்ளுங்கள்” என்றார் அந்தப் பெண். அவ்வளவுதான். மறுநாள், மற்றத் தாந்தேமாரின் படங்களோடு சுவரில் தொங்கிய அவருடைய படமும் இல்லை. ஊவே மட்டும், கதவு திறக்கும்போதெல்லாம் எழும்பி நின்றான்.

அந்த வாரக் கடைசியில் அம்மாவிடம் போனபோது சொன்னேன். அம்மா என்னைத் திடுக்கிட்டுப் பார்த்தார். “அந்தக் கண்ணாடிக்காரப் பிள்ளையோ? அவவை நான் கண்டனான்.” ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், அழுக்குத் துணி வெளுக்கிற கட்டடத்தின் வாசலில், ஈரப் போர்வைகள் நிறைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாராம். அம்மா கைகாட்டியிருக்கிறார். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாராம்.

சிவபாதம் அண்ணை வந்ததும் அம்மா விசாரித்து வரச் சொன்னார். அடுத்த ஞாயிறு அவர் வந்தபோது கையில் அப்பிள் இல்லை. உட்காராமல் நின்றபடியே கதைத்தார்.

“அவ நாட்டை விட்டுப் போக அனுமதி கேட்டிருக்கிறா அக்கா. மற்றப் பக்கத்தில, மேற்கு ஜெர்மனியின்ர லூபெக்கில, அவவின்ர தமக்கை இருக்கிறாவாம். அப்பிடிக் கேக்கிற ஆக்களை இஞ்ச பிள்ளையளோட விடமாட்டினம்.”

“பிள்ளையளை அடிச்சவவோ?”

“இல்லை அக்கா.”

“பட்டினி போட்டவவோ?”

“இல்லை. எல்லாரும் நல்லமெண்டுதான் சொல்லுகினம்.”

“அப்ப, கேட்டதுக்கோ?”

சிவபாதம் அண்ணை சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“களவாய் ஓடேல்லை. போகட்டோ எண்டு கேட்டதுக்கோ தம்பி?”

அதன்பிறகு, இங்கேயே நில்லுங்கள் என்ற கதையை அவர் எடுக்கவில்லை. பலகாலம் கழித்து யோசித்துப் பார்க்கும்போது, அந்த அறையில் அன்று அதிகம் இழந்தவர் அவர்தான் என்று தோன்றுகிறது. அம்மாவுக்குப் போக ஓர் இடம் இருந்தது. சிவபாதம் அண்ணைக்கோ, போய்ச் சேர்ந்த இடமே இந்த நாடுதான்.

தம்பியின் நிறை கூடினால் உடனே போகிறோம் என்று அம்மா டொக்டரிடம் சொல்லிவிட்டார். டொக்டர் தயங்கினார், பனிக்காலம் கழியட்டும் என்றார், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அம்மா தம்பிக்கு மணிக்கொரு தரம் பால் கொடுத்தார். நிலையத்துக்குப் போத்தல் கொடுப்பதை மட்டும் கடைசி நாள்வரை நிறுத்தவில்லை. “அந்தப் பிள்ளையள் என்ன செய்ததுகள்?” என்றார்.

புறப்படுகிற நாள் காலையில் அம்மா தம்பியைத் தோளில் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வெளுப்புக் கட்டடத்துக்குப் போனார். நீராவிக்குள்ளிருந்து தாந்தே மார்கிட் வந்தார். மூக்குக்கண்ணாடி முழுக்கப் புகார் படிந்து மங்கியிருந்தது. இரண்டு பெண்களுக்கும் பொதுவான மொழி ஒன்றுமில்லை. அம்மா தம்பியை அவருடைய கையில் கொடுத்தார். அவர் வாங்கி, முகர்ந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தார். பிறகு என் முன்னால் முழங்காலில் நின்று, என் கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு ஏதோ சொன்னார். திரும்பி வரும்போது அம்மா கேட்டார், “என்ன சொன்னவ?” பெரிதாக ஏதோ சொல்லியிருப்பார் என்று அம்மா எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் சொன்னது இதுதான்: கப்பலில் ஓடாதே, தளம் வழுக்கும், கம்பியைப் பிடித்துக்கொள்.

துறைமுகத்தில் சோதனைக்காரர் எங்கள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். தம்பியின் போர்வையை விரித்து அவனையும் தூக்கிப் பார்த்தார். அவர் கைகள் மிகவும் கவனமாக இருந்தன. அவருக்கும் வீட்டில் ஒரு குழந்தை இருந்திருக்கலாம். சிவபாதம் அண்ணை கயிற்றுக்கு அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டார். அவருக்கு அதற்கு மேல் வர அனுமதி இல்லை. கப்பல் நகர்ந்ததும் அம்மா பெருமூச்சு விடுவார் என்று நினைத்தேன். அவரோ கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். முந்தானை பாலில் நனைந்திருந்தது.

கெட்சர் கரையில் அப்பா நின்றார். அவரைக் கண்டதும் நான் கடகடவென்று ஜெர்மன் மொழியில் கதைக்கத் தொடங்கினேனாம். அப்பா முதலில் சிரித்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார், பிறகு தம்பியின் முகத்தில் தன் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தம்பிக்கு அருள் என்று பெயர் வைத்தார்கள். அப்பாவின் வழக்கு வென்றதும் நாங்கள் இக்காஸ்டுக்கு வந்தோம். அப்பா துணித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே வந்த சில நாட்களிலேயே நகரசபையிலிருந்து ஒரு தாதி வீட்டுக்கு வந்தாள். இந்த நாட்டில் குழந்தை இருக்கிற வீடுகளுக்கெல்லாம் அப்படி ஒருவர் வந்து பிள்ளையை நிறுத்துப் பார்ப்பது வழக்கம் என்று அம்மாவுக்குத் தெரியாது. தராசைக் கண்டதும் அம்மா தம்பியை இறுக்கி அணைத்துக்கொண்டார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு தமிழர். அவரிடம் மெதுவாகக் கேட்டார். “தம்பி, நாங்கள் இஞ்ச இருந்து வேற எங்கயும் போகப்போறம் எண்டு சொன்னா, இவை என்ன செய்வினம்?”

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. “என்ன செய்யிறது அக்கா? போற இடத்து விலாசத்தைக் குடுத்திட்டுப் போங்கோ. அங்க உள்ள தாதி வருவா.”

அம்மா அதற்குப் பிறகுதான் தம்பியைத் தராசில் வைத்தார்.

பெர்லின் சுவர் விழுந்து சில ஆண்டுகள் கழித்து, சிவபாதம் அண்ணை ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். தலைமயிர் அதே மாதிரிக் கலைந்திருந்தது, ஆனால் அரைவாசி நரைத்துவிட்டது. அவர் வேலை பார்த்த கப்பல் தளம் ஆட்களைக் குறைத்தபோது முதலில் போனவர்களில் அவரும் ஒருவர். அம்மா சோறு போட்டுவிட்டு மார்கிட்டைப் பற்றித்தான் விசாரித்தார். மார்கிட் கடைசியில் அனுமதி கிடைத்து லூபெக்குக்குப் போய்விட்டாராம். எல்லை திறந்ததும் திரும்பி வந்து தன்னுடைய பழைய வேலையைக் கேட்டாராம். ஆனால் அந்தக் குழப்பமான காலத்தில் அங்கே பெண்கள் பிள்ளை பெறுவதையே நிறுத்தியிருந்தார்கள். வாரக் காப்பகங்களை மூடிக்கொண்டிருந்தார்கள். “முந்திக் கதவு பூட்டியிருந்தது அக்கா. இப்ப திறந்து கிடக்குது, வீட்டைக் காணேல்லை” என்றார் சிவபாதம் அண்ணை. அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அதற்குப் பிறகு அவர் கனடாவுக்குப் போனதாகக் கேள்வி.

சென்ற கோடையில் நானும் அருளும் கெட்சரிலிருந்து கப்பலேறி ரொஸ்டொக்குக்குப் போனோம். அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்தில் கணினி வேலை. பிறந்த இடம் என்று கடவுச்சீட்டில் எழுதியிருக்கிற ஊரை அவன் அதுவரை பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி பெரிதாகி, வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவுகளோடு நின்றது. விடுதி இருந்த இடத்தில் வண்டிகள் நிறுத்துகிறார்கள். வெளுப்புக் கட்டடம் இல்லை. காப்பகத்தைத் தேடி டிராமில் போனோம். இறங்கிய இடத்தில் புல்வெளியும் இரண்டு மரங்களும் இருந்தன. எதிர்வீட்டு மாடத்தில் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம், ஞாபகத்தில் மிஞ்சியிருந்த ஜெர்மன் சொற்களைக் கூட்டிக் கேட்டேன். தான் இங்கே வந்து ஐந்தாறு வருடம்தான், அப்படி ஒன்று இருந்ததே தெரியாது என்றாள். காற்றில் எந்தப் புகையும் இல்லை. நான் அந்தப் புல்வெளியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அருள் டேனிஷில், “உட்காரேன் அக்கா” என்றான். என்னால் முடியவில்லை.

திரும்பி வந்த மறுநாள் அம்மாவிடம் போனேன். அப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அம்மா இக்காஸ்டிலேயே தனியாக இருக்கிறார். காலையிலும் மாலையிலும் நகரசபையின் பராமரிப்பாளர் வந்து மருந்து கொடுத்து, காலுறை மாட்டிவிட்டுப் போவார். அவர் போகும்வரை காத்திருந்து, கதவை உள்ளே பூட்டிக்கொண்டு வந்து அம்மா கதிரையில் இருந்தார். நான் போன இடங்களையெல்லாம் சொன்னேன். பால் சேர்த்த அந்த நிலையம் இல்லை, விடுதி இல்லை, காப்பகம் இருந்த இடத்தில் புல்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

அம்மா உண்மையாகவே கவலைப்பட்ட குரலில் கேட்டார்.

“அப்ப அந்தப் பிள்ளையளை இப்ப ஆர் பாக்கினம்?”

அந்தப் பிள்ளைகளில் மிகச் சின்னவர்களுக்கே இப்போது நாற்பது வயது நெருங்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வயதைச் சொன்னால் அது பதிலாகிவிடுமா என்று எனக்குத் தெரியவில்லை.